அசைன்மென்ட்டில் ஏஐ: கல்லூரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் அசைன்மென்ட் கைக்கு வரும்போதே இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது: ஏஐ பயன்படுத்தலாமா, கூடாதா? ஒரு ஆசிரியர் தொடவே கூடாது என்கிறார். அடுத்த பீரியடில் வருகிறவர் புரொஜெக்டரில் கூகுளின் ஏஐயான ஜெமினியைத் திறந்து வைத்துப் பாடம் நடத்துகிறார். சீனியரைக் கேட்டால், "எல்லாரும் அதுலதான்பா எடுக்குறோம்" என்று முடித்துவிடுகிறார். புதிதாக வந்த பிள்ளை யார் பேச்சைக் கேட்பது?

அசைன்மென்ட் திருத்துகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். ஆசிரியர் அனுமதித்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வரிசை தப்பக் கூடாது. முதலில் நீங்கள் யோசிக்க வேண்டும், நீங்கள் எழுத வேண்டும், அப்புறம்தான் ஏஐ. இந்த வரிசையைக் காப்பாற்றினாலே நேர்மை பற்றிய பாதிக் கேள்விகள் எழாது. ஏஐ எழுதிக் கொடுத்ததில் தொடங்கி, அதை அங்கே இங்கே மாற்றி வைத்தால், எவ்வளவு மாற்றினாலும் அது உங்கள் வேலை ஆகாது. அது உங்களுக்கும் தெரிந்தே இருக்கும்.

மதிப்பெண் கணக்காகப் பார்த்தாலும் இதே வரிசைதான் சரி. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரி பாடத்துக்குக் கல்லூரிக்குள்ளேயே போடும் இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. அந்த 60-க்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்து கையால் எழுத வேண்டும். அசைன்மென்ட் உங்களைப் பழக்குவது அதற்குத்தான். பழக்கத்தை வேறொன்றிடம் கொடுத்துவிட்டால் நவம்பரில் ஹாலில் கைதான் நடுங்கும்.

முதல் படி: விதி என்ன என்று வாய்விட்டுக் கேளுங்கள்

கல்லூரிக்கு ஒரு விதி, துறைக்கு ஒரு விதி, ஆசிரியருக்கு ஒரு விதி என்று இருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்கு நேரடியாகப் பொருந்தும். அவர் எதுவும் சொல்லவில்லை என்றால் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "ஏஐ யூஸ் பண்ணலாமா மேம்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும், பெரும்பாலும் "கூடாது" என்றே வரும். எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். இப்படி ஒரு செய்தி போதும்:

"வணக்கம் மேம். இரண்டாவது அசைன்மென்ட்டுக்கு ஏஐயின் உதவியை இரண்டு வேலைக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? ஒன்று, தலைப்பில் புரியாத இடத்தை விளக்கிக் கேட்க. இன்னொன்று, நான் எழுதி முடித்த பிறகு ஆங்கில இலக்கணப் பிழை பார்க்க. என்ன செய்தேன் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுகிறேன்."

இப்படிக் கேட்கிற மாணவரைத் தவறாக நினைக்கும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி பற்றியும் ஒரு குழப்பம் உலவுகிறது. கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி 2018-இல் விதிகள் கொண்டுவந்தது. பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி, அதிகபட்சம் ஆறு மாதத்துக்குள் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கவே முடியாது. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து. ஆனால் இவை முதுகலை, ஆய்வுப் பட்டத்துக்கான ஆய்வேடுகளுக்கும் வெளியிடப்படும் கட்டுரைகளுக்கும்தான். அசைன்மென்ட், பாடவேலை, விடைத்தாள் ஆகியவற்றை அந்த விதியே வெளியே வைத்துவிட்டது. அதனால் உங்கள் அசைன்மென்ட்டுக்குக் கல்லூரியும் ஆசிரியரும் வைப்பதுதான் சட்டம்.

"ரிப்போர்ட்டில் 6 சதவீதம்தான் வந்தது, அப்போ பிரச்சினை இல்லை" என்று நினைக்கிறவர்களும் உண்டு. கருத்துத் திருட்டைப் பார்க்கும் மென்பொருள், ஏற்கெனவே எங்கேயோ இருக்கும் எழுத்தோடு உங்கள் எழுத்து ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கிறது. ஏஐ ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொற்களைக் கோர்ப்பதால் அந்தச் சதவீதம் குறைவாகவே வரும். யார் எழுதியது என்பதற்கு அது பதில் சொல்லாது.

இரண்டாம் படி: அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எல்லாமே அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகிய பிறகு, இதுவரை வந்த சொற்களுக்கு அடுத்து எது வருவதற்கு வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு, துண்டு துண்டாக வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போகின்றன. இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லும் வசதி இப்போது பலவற்றில் உண்டு. அப்போதும் கடைசியில் வாக்கியத்தைக் கோர்ப்பது அதே முறைதான். உண்மையான வாக்கியமும் உண்மை போன்ற வாக்கியமும் அதற்கு ஒரே மாதிரி சரளமாக வரும். தயக்கமே இல்லாத அந்த நடைதான் புதிதாக வருகிறவர்களை ஏமாற்றுகிறது.

நியூயார்க்கில் 2023-இல் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிராக வாதாடிய வழக்கறிஞர்கள், முன்னுதாரணமாகச் சில தீர்ப்புகளைக் காட்டி மனு போட்டார்கள். எதிர்த்தரப்பு தேடிப் பார்த்தது. அப்படித் தீர்ப்புகளே இல்லை. எல்லாம் சாட்ஜிபிடி தந்தவை. வழக்கின் பெயர், நீதிமன்றம், உள்ளே மேற்கோள் என்று அத்தனையும் கச்சிதமாகப் புனையப்பட்டிருந்தன. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். நமக்கு முக்கியமான இடம் வேறு. அந்த வழக்கறிஞர்களில் ஒருவர் சந்தேகப்பட்டு, "இந்த வழக்குகள் உண்மைதானா?" என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருக்கிறார். உண்மைதான் என்று அது பதில் சொன்னது.

ஏஐ சொன்னது சரியா என்று அந்த ஏஐயிடமே கேட்பது சரிபார்ப்பு ஆகாது. இதை மட்டும் முதல் நாளிலேயே மனதில் போட்டு வையுங்கள்.

தமிழ் இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கருவிகள் பழகிய தமிழ்ப் பக்கங்கள் குறைவு. சங்கப் பாடல் ஒன்றை எண்ணோடும் புலவர் பெயரோடும் கேட்டால், பழந்தமிழ் போலவே ஒலிக்கும் நான்கு அடிகளைத் தானே கட்டி நீட்டிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, முதலில் எண்ணைப் பார்ப்பது. நற்றிணையில் 400 பாடல்கள், அகநானூற்றிலும் 400, கடவுள் வாழ்த்து நீங்கலாகக் குறுந்தொகையில் 401, ஐங்குறுநூற்றில் 500. "நற்றிணை 427" என்று ஒரு மேற்கோள் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். எண் வரம்புக்குள் இருந்தாலும் விடாதீர்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் மூலமும் உரையும் இருக்கின்றன. முதல் அடியை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

மூன்றாம் படி: வெற்றுத் தாளில் தொடங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் வருகிற பாடம் சுற்றுச்சூழலியல். தலைப்பு "நொய்யல் ஆற்றின் மாசு" என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலர் செய்வது: "நொய்யல் ஆறு மாசுபாடு பற்றி ஐந்து பக்கம் கட்டுரை எழுது." பத்து நொடியில் வந்துவிடும். முன்னுரை, காரணங்கள், விளைவுகள், தீர்வுகள், முடிவுரை. படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் நொய்யல் என்று வருகிற இடத்தில் பாலாறு என்று மாற்றினாலும் கட்டுரை அப்படியே நிற்கும். திருத்துகிறவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் அதே கட்டுரை அந்த அசைன்மென்ட் கட்டுக்குள் இன்னும் பத்துப் பேரிடம் இருக்கும்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அரை மணி நேரம் தாளோடு உட்காருங்கள். எனக்கு ஏற்கெனவே என்ன தெரியும், என்ன தெரியாது, எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற ஆறு, கோவை, திருப்பூர் வழியாகப் போகிறது, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது, சாயப்பட்டறைக் கழிவு என்று இவ்வளவு தெரிந்திருக்கலாம். "ஒரத்துப்பாளையம் அணை என்று சொல்கிறார்களே, விவசாயத்துக்குக் கட்டிய அணையை விவசாயிகளே ஏன் எதிர்த்தார்கள்?" என்பது தெரியாத பத்தியில் வரலாம். அந்தக் கேள்விதான் உங்கள் கட்டுரை. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அணையில் சாயக்கழிவு தேங்கியது, நிலத்தடி நீரும் கெட்டது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் வரை போனது என்று அந்தக் கேள்வியின் நூலைப் பிடித்துக்கொண்டே போனால் ஐந்து பக்கம் தானாக நிறையும். உங்கள் சித்தப்பா பனியன் கம்பெனியிலோ பட்டறையிலோ வேலை பார்த்திருந்தால் அவரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அவர் சொல்வது எந்த ஏஐயிடமும் கிடைக்காது.

கேள்வி கைக்கு வந்த பிறகு ஏஐயிடம் போகலாம். இப்போது கேட்கிற விதமே மாறியிருக்கும்:

"நான் கல்லூரி முதலாண்டு மாணவி. நொய்யல் பற்றி அசைன்மென்ட் எழுதுகிறேன். என் மையக் கேள்வியும், நான் எழுத நினைக்கும் ஐந்து குறிப்புகளும் கீழே. கட்டுரை எழுதித் தராதே. நான் எதை விட்டிருக்கிறேன், எங்கே என் வாதம் பலவீனமாக இருக்கிறது என்று கேள்விகளாக மட்டும் கேள்."

அது கேட்கிற கேள்விகளில் பாதி சாதாரணமாக இருக்கும், தள்ளிவிடுங்கள். ஒன்றிரண்டு உங்களை யோசிக்க வைக்கும். பட்டறைகளை மூடியதால் வேலை இழந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று அது கேட்டால், அது நல்ல கேள்வி. பதிலை நீங்கள் தேடுங்கள்.

புரியாத இடத்துக்கும் இதுபோலவே கேட்கலாம். கழிவுநீரே வெளியேறாத சுத்திகரிப்பு என்றால் என்ன, உப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்துப் புரியவில்லை என்றால், "பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் அளவில் விளக்கு" என்று கேளுங்கள். படித்துவிட்டு மூடுங்கள். உங்கள் சொற்களில் எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை, மறுபடி கேளுங்கள். இந்த வகையில் ஏஐ ஒரு பொறுமையான டியூஷன் வாத்தியார்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டியூஷனுக்குப் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய விஷயம்.

நான்காம் படி: சரிபார்ப்பு

ஏஐ தந்த பதிலில் பெயர், ஆண்டு, எண், நூல் அல்லது கட்டுரையின் பெயர், நேரடி மேற்கோள் ஆகியவற்றைப் பேனாவால் வட்டமிடுங்கள். வட்டத்துக்குள் வந்த ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு ஆதாரம் வேண்டும். ஆய்வுக் கட்டுரை என்றால் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) அதற்கான தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் வேறு கட்டுரைக்குப் போனாலோ எங்கும் போகாவிட்டாலோ புனைவு. கட்டுரை நிஜமாக இருந்தால் மட்டும் போதாது, அது சொல்வதாக ஏஐ சொன்னதை உண்மையிலேயே சொல்கிறதா என்று சுருக்கத்தையாவது படியுங்கள். நீதிமன்ற உத்தரவுகளுக்கு இந்தியன் கானூன் தளம் இருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. ஆதாரம் கிடைக்காத தகவலை வெட்டிவிடுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நீங்கள் திறந்து படிக்காத ஒன்றை உங்கள் மேற்கோள் பட்டியலில் போடவே போடாதீர்கள். ஏஐ வருவதற்கு முன்பும் இந்தத் தவறு இருந்தது, இப்போது அதைச் செய்வது சுலபமாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: லேப், கோடு, சர்வே

கம்ப்யூட்டர் லேப் ரெக்கார்டில் உள்ள புரோகிராம்கள் ஆயிரம் இடத்தில் கிடைப்பவைதான். அதனால் விடை கிடைப்பதில் பெருமை இல்லை. சி மொழியில் எழுதிய புரோகிராம் ஓடாமல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதையும் ஒட்டி "சரிசெய்" என்றால் சரியான கோடு வரும், உங்களுக்கு எதுவும் வராது. "எந்த வரியில் பிழை என்று சொல்லாதே, எந்த மாதிரிப் பிழையாக இருக்கலாம் என்று மட்டும் குறிப்புக் கொடு" என்று கேளுங்கள். உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப் வரியில் மாறிக்கு முன்னால் & குறியை விட்டிருப்பீர்கள். அதை நீங்களே கண்டுபிடித்துவிட்டால் அடுத்த நான்கு வருடத்துக்கு மறக்காது. அப்புறம் ஏஐயை மூடிவிட்டு, வெற்றுக் கோப்பில் அதே புரோகிராமை மறுபடி எழுதிப் பாருங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வரும் தேர்வாளர் "இந்த லூப்பைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஓட்டுப்பா" என்று ஒரே ஒரு மாற்றம் சொல்வார். எழுதியவர் யார் என்று அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எடிட்டரில் கோபைலட் போன்ற தானியங்கி நிரப்பி இருந்தால், முதலாண்டு முழுக்க அதை அணைத்து வையுங்கள். நீங்கள் யோசிக்கும் முன்பே அது எழுதிவிடுகிறது, வரிசை அங்கேயே தலைகீழாகிவிடும்.

இனி சொல்வதில் எனக்கு விட்டுக்கொடுக்கவே மனம் வராது. இயற்பியல் லேபில் எடுக்காத ரீடிங்கை ஏஐயிடம் வாங்கி எழுதுவதும், பிகாம், எம்பிஏ ப்ராஜெக்ட்டில் நூறு பேரிடம் கேட்டதாகச் சொல்லி ஏஐயிடம் நூறு பதில் வாங்கி அட்டவணை போடுவதும் மோசடி. இதில் "கொஞ்சம் உதவி" என்று சொல்லவே இடமில்லை. இல்லாத மனிதர்கள் சொல்லாத பதிலை வைத்து, இருக்கிற மனிதர்களைப் பற்றி முடிவு எழுதுகிறீர்கள். பன்னிரண்டு பேரிடம்தான் கேட்க முடிந்ததா, "மாதிரி அளவு 12" என்று எழுதுங்கள், ஏன் குறைந்தது என்றும் எழுதுங்கள். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8-க்குப் பதில் 9.3 வந்தால் 9.3 என்றே எழுதி, பிழை எங்கே வந்திருக்கும் என்று யோசியுங்கள். கேள்வித்தாள் தயாரிக்க, கேள்வி ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பார்க்க, சேகரித்த தரவுக்கு எந்தப் புள்ளியியல் சோதனை பொருந்தும் என்று கேட்க ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தரவு மட்டும் களத்திலிருந்து வர வேண்டும்.

பதில் சொன்னவர்களின் பெயர், போன் எண், மருத்துவ விவரம், இன்டர்ன்ஷிப் போன நிறுவனத்தின் உள் ஆவணம் இவற்றை ஏஐயில் ஒட்டாதீர்கள். 2023-இல் சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் மூல நிரலை (சோர்ஸ் கோடு) சாட்ஜிபிடியில் போட்டுவிட, அந்த நிறுவனம் ஊழியர்களுக்கு இந்தக் கருவிகளையே தடை செய்தது. பெயரை நீக்கி "பதிலாளர் 1, பதிலாளர் 2" என்று மாற்றிவிட்டு, அதன் பிறகும் அவசியம் இருந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: ஆங்கிலம் என்ற பயம்

ஏஐயை முழுக்கச் சார்ந்து எழுதுகிற பிள்ளைகளில் பலர் சோம்பேறிகள் கிடையாது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, தன் ஆங்கிலத்தை யாராவது பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள். விஷயம் தெரியும், சொல்ல வராது. அவர்களுக்குத்தான் இந்தப் பகுதி.

முதலில் தமிழில் எழுதுங்கள், அல்லது வருகிற ஆங்கிலத்தில் பிழையோடு எழுதுங்கள். பிறகு ஏஐயிடம் ஒரு பத்தியை மட்டும் கொடுத்து, "திருத்தி எழுதாதே. இலக்கணப் பிழைகளை வரிசையாகச் சொல், ஒவ்வொன்றும் ஏன் பிழை என்று தமிழில் விளக்கு" என்று கேளுங்கள். திருத்தத்தை உங்கள் கையால் செய்யுங்கள். ஒரே மாதிரிப் பிழைதான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது சீக்கிரம் புரிந்துவிடும். கடந்த காலமும் நிகழ்காலமும் ஒரே பத்தியில் கலப்பது, ஒருமை எழுவாய்க்கு வினையின் கடைசியில் வர வேண்டிய எழுத்தை விடுவது, இப்படி. முதல் செமஸ்டர் முடிவதற்குள் பத்திக்குப் பத்து என்று இருந்தது குறைந்துவிடும். "இதை நல்ல ஆங்கிலமாக மாற்று" என்று கொடுத்தால் அந்த முன்னேற்றம் உங்களுக்குக் கிடைக்காது, உங்கள் குரலும் போய்விடும்.

கையெழுத்தில் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்கிற கல்லூரிகளில், ஏஐ எழுதியதைப் பார்த்துப் பத்துப் பக்கம் கை வலிக்க எழுதுகிறார்கள். அந்தக் கை வலியைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அதே நேரத்தில் சொந்தமாக நான்கு பக்கம் எழுதியிருக்கலாம்.

சந்தேகம் வந்தால் எப்படி நிரூபிப்பது?

ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பிச் சில ஆசிரியர்கள் முடிவெடுக்கிறார்கள். அந்தக் கருவிகள் அவ்வளவு உறுதியானவை இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏஐ எழுதியவை என்று கருவிகள் தவறாகச் சொல்லின. எளிய சொற்களில், ஒரே மாதிரி வாக்கியங்களில் எழுதுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நம் மாணவர்கள் பலர் எழுதும் ஆங்கிலம் அப்படிப்பட்டதுதான்.

அதனால் வேலை செய்த தடத்தைப் பத்திரமாக வையுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால் எப்போது எதை எழுதினீர்கள் என்ற வரலாறு தானாகப் பதிவாகிறது. வேறெங்கோ தயார் செய்து ஒரே மூச்சில் ஒட்டினால் அந்த வரலாறு உதவாது. வெற்றுத் தாளில் எழுதிய குறிப்பைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஏஐயோடு நடந்த உரையாடலை அழிக்காதீர்கள். கோடு என்றால் கிட் (Git) என்ற கருவியில் சிறிது சிறிதாகச் சேமியுங்கள். யாராவது சந்தேகப்பட்டால் கோபப்படாமல், "சார், என் குறிப்பும் வரைவும் இருக்கிறது, இந்தத் தலைப்பில் எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லலாம். அதைவிட வலுவான பதில் எனக்குத் தெரியாது.

ஏஐ எழுத்தை மனிதர் எழுத்து போல மாற்றித் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் தளங்கள் பக்கம் போகவே போகாதீர்கள். நேர்மையாக எழுதியவருக்கு அது தேவையில்லை.

ஏழாம் படி: என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்

அசைன்மென்ட்டின் கடைசியில் நான்கைந்து வரியில் ஒரு குறிப்பு. "ஏஐ உதவியுடன் தயாரிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் விளங்காது. எந்தக் கருவி, எப்போது, எதற்கு, அதில் எதை வைத்துக்கொண்டீர்கள், எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பது தெரிய வேண்டும். இப்படி:

"இந்தக் கட்டுரையின் மையக் கேள்வியும் வாதமும் வரைவும் என்னுடையவை. கழிவுநீர் சுத்திகரிப்பு முறையைப் புரிந்துகொள்ளவும், என் குறிப்புகளில் விடுபட்டதைக் கண்டுபிடிக்கவும் செப்டம்பர் முதல் வாரத்தில் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். வேலையிழப்பு பற்றிய நான்காம் பகுதி அது எழுப்பிய கேள்வியிலிருந்து வந்தது; தகவல்களைச் செய்தித்தாள்களில் தேடி எடுத்தேன். ஆங்கில இலக்கணப் பிழைகளைச் சுட்டிக்காட்டக் கேட்டு, நானே திருத்தினேன். உரையாடலின் பிரதி என்னிடம் உள்ளது."

பயன்படுத்தவே இல்லை என்றால் அதையும் ஒரு வரியில் எழுதலாம். ஏஐயை இணை ஆசிரியராகப் போடாதீர்கள். எழுதியதற்குப் பொறுப்பேற்க முடியாத ஒன்று ஆசிரியராக இருக்க முடியாது என்று நேச்சர் உள்ளிட்ட ஆய்விதழ்கள் 2023-லேயே சொல்லிவிட்டன.

இந்தக் குறிப்பை எழுதக் கூச்சமாக இருக்கிறது, உண்மையைச் சொன்னால் மார்க் குறைந்துவிடும் என்று தோன்றுகிறது என்றால், அந்த இடத்தில்தான் எல்லை தாண்டியிருக்கிறீர்கள். அந்தப் பகுதியை எடுத்துவிட்டு நீங்களே மறுபடி எழுதுங்கள்.

கடைசி நாள் இரவு

எல்லாம் சரி, நாளை காலை ஒன்பது மணிக்குக் கொடுக்க வேண்டும், ஒன்றுமே எழுதவில்லை. பெரும்பாலான ஏமாற்று இந்த நேரத்தில்தான் நடக்கிறது. இப்போது செய்ய வேண்டியது, ஏஐயைத் திறப்பதற்கு முன்னால் ஆசிரியருக்கு ஒரு செய்தி அனுப்புவது: "சார், என்னால் முடிக்க முடியவில்லை. இரண்டு நாள் தர முடியுமா? தாமதத்துக்கு மார்க் குறைத்தாலும் பரவாயில்லை." பல ஆசிரியர்கள் ஒப்புக்கொள்வார்கள். தாமதத்துக்கு இரண்டு மார்க் போகும், அவ்வளவுதான்.

அவகாசம் கிடைக்கவில்லை என்றால் இரவு பன்னிரண்டு வரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு எழுதுங்கள். இரண்டு பக்கம்தான் வந்தது என்றால் அந்த இரண்டு பக்கத்தையே கொடுங்கள். எந்தப் பகுதி பாக்கி இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். அடுத்து வரும் அசைன்மென்ட்டுகளுக்கான கெடுவை அன்றைக்கே காலண்டரில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு நாள் முன்னால் அந்த வெற்றுத் தாள் அரை மணி நேரத்தைப் போட்டு வையுங்கள்.